பணயச் சாமி

சாமி காணாமல் போன வீட்டின் வாசலில் குச்சி ஒழுங்காகக் குறுக்கே கிடந்திருக்கிறது.

எங்கள் பேரரசின் தலைநகரான கூஸ்கோவில் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் வாசலில் குறுக்கே ஒரு குச்சியை வைத்துவிட்டுப் போவோம். அதைத் தாண்டி யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

"காலையில சாமியைப் பார்த்துக்கற அந்தம்மா வரும்போதும் குச்சி குறுக்கேதான் கிடந்துச்சா?" என்று ரிமாச்சி காவலாளியிடம் கேட்டார்.

"நேரா, குறுக்கேதான் ஐயா. அவங்கதான் எடுத்து ஓரமா வெச்சுட்டு உள்ள போனாங்க. போன உடனே அலறல்."

ரிமாச்சி குச்சியைச் சுற்றி நடந்தார். அவருக்கு நின்று யோசிக்க வராது. பேரரசில் குற்றங்களை விசாரிக்கும் 'எல்லாம் காண்பவர்' பதவியில் இருந்த காலம் முழுவதும் நடந்துகொண்டே இருந்தார். வடக்கிலிருந்து கொப்புள நோய் வந்த வருடத்தில்தான் அவர் படுத்து நான் பார்த்தேன்.

நான் அவருடைய உதவியாள், சுல்கா. தெற்கே பெரிய ஏரிக்கரைக்காரன். எங்கள் ஆட்களுக்குக் குழந்தையிலேயே துணி சுற்றித் தலையை நீட்டிவிடுவார்கள். அதன் மேல் உயரமான கம்பளிக் குல்லாய் வேறு. ரிமாச்சி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாட்கள் குறைவு.

"டேய் கூம்பு. குச்சியைத் திரும்ப வெச்சது யாரு?"

"திருடன்தான் ஐயா. நல்ல வளர்ப்பு போல."

அவர் சட்டென்று நின்றார். "விளையாட்டுக்குச் சொன்னியா, நிஜமாவா?"

"விளையாட்டுக்குத்தான்."

"அப்போ நிஜமா இருக்கும். வா."

உள்ளே வரிசையாகச் சாமிகள் இருந்தன. பேரரசு பிடித்த ஒவ்வொரு நாட்டின் சாமியும் இந்த வீட்டுக்குப் பணயமாக வந்துவிடும். இங்கே அதற்கு மரியாதை உண்டு, சாப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ள அந்த நாட்டு ஆளே உண்டு. நாடு அடங்கியிருக்கும்வரை எல்லாம் நடக்கும். நாடு கையை ஓங்கினால் சாமியைச் சதுக்கத்துக்கு இழுத்து வந்து சாட்டையால் அடிப்பார்கள். எங்கள் ஊர்ச் சாமியும் ஒரு மூலையில் நின்றது. போகிற போக்கில் கண்ணாலேயே ஒரு கும்பிடு போட்டேன்.

காலியாகக் கிடந்த பீடம் சாயர்மாவுடையது. கிழக்குச் சரிவில் மேகத்துக்குள் கிடக்கும் குட்டி நாடு அது. களைப்புத் தெரியாமல் இருக்க மெல்லும் கோகா இலை விளைவதால் மட்டும் மற்றவர்கள் ஞாபகம் வைத்திருந்த நாடு. அதன் சாமி, முழங்கை உயரத்தில் ஒரு கல் பெண். சாயர்மா கிளர்ச்சி செய்துவிட்டது என்று செய்தி வந்து, இன்று உச்சிவேளையில் அந்தக் கல்லுக்குச் சாட்டையடி என்று ஆணை போட்டிருந்தார்கள். விடிந்தபோது கல் இல்லை.

பீடத்தின் அருகில் சாமியைப் பார்த்துக்கொள்ளும் ஒலாமி நின்றாள். சாயர்மா அரசனின் தங்கை. கல்லோடு சேர்ந்து அவளும் பணயம். இரண்டு காவலர்கள் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், தோளில் இடிக்கும் தங்கக் காதணிகளோடு, நகரக் காவல் தலைவன் அஸ்தோ. செத்துப்போன ஒரு பேரரசரின் வம்சத்தான்.

"வந்துட்டீங்களா? தேட வேண்டிய வேலையே இல்ல" என்றான் அஸ்தோ. சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய ஒரு கயிற்று வளையத்தை எங்கள் முன்னால் ஆட்டினான். "சாயர்மாக்காரன் தலைக்கட்டு. பீடத்துக்குக் கீழ கிடந்துச்சு. சாமியை அடி வாங்காமக் காப்பாத்தத் தூக்கிட்டு ஓடிட்டான். இவ கூட்டு. வேற என்ன வேணும் உமக்கு?"

"ஒரு தலை வேணும்" என்றார் ரிமாச்சி.

சாயர்மா ஆண்கள் கவண் கயிற்றைத் தலையில் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். பேரரசில் எந்த இனத்தானும் தன் தலைக்கட்டைக் கழற்றக் கூடாது. அடுத்தவன் இனத்துக்கானதை அணியவும் கூடாது. கையிலிருந்த வளையத்தில் முடிச்சு இன்னும் இறுகியே இருந்தது. ரிமாச்சி அதை வாங்கி, ஓரமாக நின்ற ஒலாமியின் சாயர்மா வேலையாள் தலையில் வைத்தார். சாயர்மாக்காரர்கள் குழந்தைகளுக்குப் பலகை கட்டித் தலையை அகலமாக்குவார்கள். கயிறு அவன் உச்சியில் குருவிக் கூடு மாதிரி உட்கார்ந்தது.

அடுத்து என் குல்லாயைப் பிடுங்கிவிட்டு என் தலையில் மாட்டினார். அது வழுக்கிக்கொண்டு வந்து கண்ணை மறைத்தது.

"எனக்கு இருட்டிடுச்சு ஐயா. நான் நிரபராதி."

"முடிச்சை அவிழ்த்துக் கட்டினா சரியாயிடும்" என்றான் அஸ்தோ.

"ஆனா அவிழ்க்கலையே. உருண்டைத் தலைக்காரன் ஒருத்தன் தன் தலையில அளவு பார்த்து முடிச்சுப் போட்டிருக்கான். சாயர்மாவுல உருண்டைத் தலை கிடையாது." ரிமாச்சி ஒலாமியின் பக்கம் திரும்பினார். "வாயில என்ன?"

"எங்க ஊர் இலை."

"ஒண்ணு குடுங்க."

அவள் இடுப்புப் பையிலிருந்து ஒரு கோகா இலையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பார்த்தார். காயாத புது இலை, உடையாமல் வளைந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள். வரிக் கூடைங்களோட. அரண்மனைக்குப் போனது போக, சாமிக்குன்னு எனக்கு ஒரு கைப்பிடி."

"கிளர்ச்சின்னு செய்தி வந்து அரை மாசம் ஆச்சு. உங்க அண்ணன் ஒரு கையில கவணும் இன்னொரு கையில வரியுமா நிக்கிறாரா?"

"எங்க அண்ணனுக்கு ரெண்டு கையும் நடுங்கும். கவண் பிடிக்கணும்னா யாராவது கூட நின்னு பிடிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஸ்தோவுக்கு வரவில்லை.

"மாஸ்கா பிரபு சொன்னது ஞாபகம் இருக்கட்டும். உச்சிவேளைக்குச் சாட்டை சதுக்கத்துக்கு வரும். கல்லு வரலைன்னா இவ குழிக்குப் போவா. நான் படையோட கிழக்கே போவேன்."

மாஸ்கா, அரசர் வடக்கே போரில் இருக்கும்போது கூஸ்கோவில் அவர் இடத்தில் இருப்பவர். குழி என்பது நகரத்துக்கு அடியில், பாம்புகளும் பட்டினி போட்ட சிறுத்தைகளும் இருக்கிற சிறை. அங்கிருந்து திரும்பி வந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒலாமி ரிமாச்சியைப் பார்த்தாள். "ஐயா, நான் போறதைப் பத்திக் கவலையில்ல. இந்த ஆளு கிழக்கே போனா ஊர்ல ஒரு கூரை மிஞ்சாது. அவளைக் கண்டுபிடிங்க."

கல்லை அவள் 'அவள்' என்றுதான் சொல்வாள்.

வெளியே புழுதிக் காற்று. ரிமாச்சி நடையை ஓட்டமாக்கியிருந்தார். நான் குல்லாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"குச்சியைப் பத்தி என்ன தெரியும், சொல்லு."

"சாயர்மாவுல வாசலுக்குக் குச்சி கிடையாது. துணிதான் தொங்கவிடுவாங்க. தலைக்கட்டை வெச்சிட்டு ஓடற அவசரக்காரன் நின்னு குச்சியை நேரா வெக்க மாட்டான். பொறந்ததுலேருந்து குச்சி வெச்ச கைதான் தன்னை மறந்து வெக்கும். கூஸ்கோக்காரன்."

"ஒலாமியும் இங்க ரொம்ப நாளா இருக்கா. அஸ்தோ அதைச் சொல்லுவான்."

"தன் ஊர்த் தலைக்கட்டை அவளே போட்டுத் தன் ஊரையே மாட்டிவிடுவாளா?"

"அதனாலதான் உன்னைக் கூட வெச்சிருக்கேன். கல்லு எங்க?"

அதுதான் விளங்கவில்லை. விடியுமுன்பே பாலங்கள் மூடப்பட்டுவிட்டன. வெளியே போன ஒவ்வொரு மூட்டையையும் பிரித்தார்கள். குயவர்களின் ஜாடிக்குள்கூடக் கை விட்டுப் பார்த்தார்கள். சுமை தூக்கும் லாமாவின் குட்டி அளவு எடை உள்ள கல் நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தேட ஆள் இருந்தது, தேடியும் விட்டார்கள்.

"ஆத்துல போட்டிருப்பானோ?" என்றேன்.

"சாமியை ஆத்துல போட எவனுக்குத் தைரியம் இருக்கு? அவனுக்கு அது திரும்ப வேணும். சாயர்மாவைக் கொளுத்திட்டு அங்க இருந்து கண்டெடுத்த மாதிரி தூக்கிக்கிட்டு வரணும்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அரச வம்சத்தான் மேல் எங்களைப் போன்றவன் பழி சொன்னால், சொன்ன நாக்கு மறுநாள் வாயில் இருக்காது. காரணம் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் பேரரசில் அரசர்கள் செத்தாலும் சொத்து அவர்களுடையதுதான். வயல், மந்தை, அரண்மனை எல்லாம் உலர்த்திய உடலின் பெயரிலேயே இருக்கும். வம்சத்தார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புது அரசருக்கு ஒன்றும் வராது. அவர் புதிதாக ஒரு நாட்டைப் பிடிக்க வேண்டும். சாயர்மாவைப் பிடித்தவர் அஸ்தோவின் மூதாதை. அன்று செய்த உடன்படிக்கையில் பாதி நிலம் சாயர்மாவிடமே நின்றது. கிளர்ச்சி என்று நிரூபித்தால் அந்த மீதியும் செத்தவர் பெயருக்கு வரும்.

சதுக்கத்துக்கு வந்தோம். கடலோரத்திலிருந்து சுமந்து வந்து பரப்பிய மணல் வெயிலில் மின்னியது. தினமும் போல, செத்த அரசர்கள் பல்லக்கில் வந்து வரிசையாக அமர்ந்திருந்தார்கள். பெண்கள் விசிறியால் ஈ ஓட்டினார்கள். அரசர்களின் பங்குச் சாப்பாடு அவர்கள் முன்னால் நெருப்பில் எரிந்தது. நடுவில் சாட்டைக்காரர்கள் வார்களை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரிமாச்சி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். நான் நிழல் தேடி, பல்லக்குத் தூக்கிகள் பக்கம் ஒதுங்கினேன். அவர்கள் தலைவன் பாவ்கார் என்னோடு சேர்ந்து சோளக்கள் குடிக்கும் கூட்டாளி. குத்தவைத்து உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, வயசாச்சா?" என்றேன்.

"எனக்கில்ல. தாத்தாவுக்கு." அஸ்தோவின் மூதாதையைத் தாடையால் காட்டினான். "நேத்து வரைக்கும் வைக்கோல் மாதிரி இருந்தாரு. இன்னிக்கு இறங்கற படியில நாலு பேரும் தடுமாறிட்டோம்."

"தினமும் விருந்து. புகை குடிச்சே தொப்பை போட்டுட்டாரு போல."

"அப்படித்தான் இருக்கும். அஸ்தோ பிரபு இன்னிக்கு விடியும்போதே வந்து, போருக்குப் போறேன் ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு தன் கையாலயே புதுப் போர்வை போத்தினாரு. போர்வை இவ்வளவு கனக்குமா?"

நான் சிரித்தபடி திரும்பினேன். ரிமாச்சி என் பின்னால் அசையாமல் நின்றிருந்தார்.

"டேய். தொப்பைன்னு சொன்னது விளையாட்டுக்குத்தானே?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா, வேண்டாம். அவர் துணியைத் தொட்டா கை போகும். மாஸ்கா பிரபுவே தொட முடியாது."

"நான் தொடப் போறதில்ல."

அவர் நேராகச் சிசாவிடம் போனார். ஒவ்வொரு செத்த அரசருக்கும் வாயாக இருக்க ஒரு பெண் உண்டு. அவர் பசிக்கிறது என்றால், யாருக்காவது பெண் கொடு என்றால், அவள் குரலில்தான் சொல்வார். அந்தக் குரலுக்கு மேல் சொல் கிடையாது. இந்த அரசருக்குச் சிசா. பெரிய தாடை, உறுத்துப் பார்க்கும் கண். அவளும் அஸ்தோவின் வம்சம். அவன் போடுகிற சோற்றைத்தான் தின்றாள்.

"அம்மா, அரசர் சௌக்கியமா?"

"அவருக்கு என்ன?"

"இன்னிக்குக் கனக்கிறார்னு தூக்கறவங்க சொல்றாங்க."

விசிறி நின்றது. பிறகு மறுபடி அசைந்தது. "தூக்கற கழுதைங்களுக்குச் சோம்பேறித்தனம்."

"போர்வையை நீங்கதானே தினமும் போத்துவீங்க?"

"இன்னிக்கு அஸ்தோ போத்தினான். எனக்கு எதுவும் தெரியாது. இந்த வம்சத்துல எனக்கு வாய் கிடையாது ஐயா. போங்க."

"உங்களுக்கு இல்ல. அவருக்கு இருக்கு" என்றார் ரிமாச்சி. "அவருக்கு ஏதாவது வலிச்சா சொல்வாருதானே?"

சிசா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சபையில நான் அவரைக் கேக்கப் போறேன். உங்களை இல்ல. அவரை."

திரும்பி நடந்தோம். "ஐயா, அவ சரின்னு சொல்லலையே!" என்றேன்.

"இல்லைன்னும் சொல்லல."

"அவர் தூங்குறாருன்னு சொல்லிட்டா?"

"அப்ப செத்த அரசரைச் சந்தேகப்பட்டதுக்கு நம்மையும் ஒலாமியோட அனுப்புவாங்க. கூம்பு, நீ வேணும்னா இப்பவே ஏரிக்கரைக்குப் போயிடு."

"தனியாப் போனா வழியில யாரு என்னைத் திட்டுவாங்க?"

உச்சிவேளை வந்தது. மாஸ்கா தாழ்வான ஆசனத்தில் அமர்ந்தார். ஒல்லி மனிதர், குழி விழுந்த கன்னம். காலை மணலில் தேய்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் நிலைகொள்ளவில்லை. வடக்கே ஒரு போர் ஆட்களைத் தின்றுகொண்டிருக்கும்போது கிழக்கே இன்னொன்றுக்கு அவருக்கு விருப்பமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாமி ஓடிவிட்டது என்றால் அவரால் மறுக்க முடியாது. ஒலாமியைக் கொண்டுவந்து சாட்டைக்காரர்கள் பக்கத்தில் நிறுத்தினார்கள். காலையில் சாமிக்கு எடுத்து வந்த சாப்பாட்டுக் கிண்ணம் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"கல்லு எங்க, ரிமாச்சி?" என்றார் மாஸ்கா.

"எனக்குத் தெரியாது பிரபு. தெரிஞ்ச ஒருத்தரைக் கேக்க அனுமதி வேணும். அந்தச் சாமியை முதல்ல இந்த ஊருக்குக் கொண்டுவந்தவரு அவரு. அவரு பொருளை அவருக்குத் தெரியாம யாரும் எடுத்திருக்க முடியாது."

கூட்டம் முணுமுணுத்தது. அஸ்தோ முன்னால் வந்தான். "தாத்தாவைத் தொந்தரவு பண்ணாதீங்க. வயசானவரு, தூங்குறாரு."

"நீதானே விடியும்போதே எழுப்பி ஆசீர்வாதம் வாங்கினியாம்?" என்றார் மாஸ்கா. "கேளு ரிமாச்சி."

ரிமாச்சி செருப்பைக் கழற்றினார். முதுகில் ஒரு சிறு சுமையைக் கட்டிக்கொண்டார்; அரசர் முன்னால் யாரும் வெறும் முதுகோடு போகக் கூடாது. மணலில் மண்டியிட்டார்.

"அரசே, சாயர்மாவின் சாமி எங்க இருக்கு?"

விசிறி மட்டும் அசைந்தது. எரிந்த சோளத்தின் புகை எங்கள் பக்கம் வந்தது. அஸ்தோவின் கண் சிசாவின் மேலேயே இருந்தது. அந்தப் பார்வையில் அவளுக்கு இனிமேல் சோறு கிடையாது என்பது எழுதியிருந்தது. அவள் தலை குனிந்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஒலாமி கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விசிறி கீழே விழுந்தது.

"மடி வலிக்குது" என்றது சிசாவின் வாய். குரல் அவளுடையது இல்லை. கரகரத்த, சலித்துப்போன ஆண் குரல். "காலையிலேருந்து மடி வலிக்குதுடா. எவன்டா என் மடியில கல்லை வெச்சது?"

கூட்டம் பல்லக்கை நோக்கி நெருங்கியது.

"நான் அந்தப் பொண்ணை இங்க கொண்டாந்தப்போ வாசல் வழியா, பல்லக்குல கொண்டாந்தேன். போர்வைக்குள்ள ஒளிச்சு வெக்க நான் என்ன திருடனா? எடுங்கடா! என் துணியை என் வாய் எடுக்கட்டும். வேற எவனும் கிட்ட வராதீங்க."

சிசா எழுந்தாள். புதுப் போர்வையை விலக்கினாள். காய்ந்து சுருண்ட முழங்கால்களுக்கு நடுவில், மடியில் உட்கார்ந்த பேத்தி மாதிரி, கல் பெண் இருந்தாள்.

அஸ்தோ ஓடவில்லை. ஓடவும் இடமில்லை. "இந்தப் பொம்பளை பொய் சொல்றா" என்றான்.

"எந்தப் பொம்பளை?" என்றார் மாஸ்கா. "பேசினது உன் தாத்தா."

தன் வம்சத்துக்கு நிலம் தேடப் போனவனை அந்த வம்சத்தின் தலைவரே காட்டிக்கொடுத்துவிட்டார். எதிர்வாதம் பேச அஸ்தோவுக்கு அவரைவிடப் பெரிய ஆள் அந்தச் சதுக்கத்தில் இல்லை. நான் கையோடு கொண்டுவந்திருந்த சாயர்மாத் தலைக்கட்டை எடுத்துப் போய் அவன் தலையில் வைத்துப் பார்த்தேன். முடிச்சை அவிழ்க்காமலே கச்சிதமாக உட்கார்ந்தது.

"அளவு பிரமாதம் பிரபு" என்றேன். "காதணிக்கும் எடுப்பா இருக்கு."

மாஸ்கா ஒருமுறை சதுக்கத்தைப் பார்த்தார். கூட்டம் வந்திருந்தது. வார்கள் ஊறியிருந்தன. அரசரின் பெயரால் போட்ட ஆணையைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

"பேரரசுக்கு எதிரா எழுந்தவனுக்கு உச்சிவேளையில சாட்டைன்னு ஆணை" என்றார். "எழுந்தவன் யாருன்னு இப்ப தெரிஞ்சிடுச்சு. ஆரம்பிங்க. அப்புறம் குழிக்கு."

ஒலாமியின் தோளை விட்டுவிட்டார்கள். அவள் ஓடிப் போய்ச் சிசாவின் கையிலிருந்து கல்லை வாங்கினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலாமி மணலில் உட்கார்ந்து, ஆறிப்போன கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் கல்லின் வாயில் தடவினாள். அவளுக்கு விடுதலை இல்லை. மறுபடி அந்த வீட்டுக்கு, அந்தப் பீடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கிழக்கே கூரைகள் நின்றன.

முதல் அடி விழுந்தது. அஸ்தோ கத்தினான். ஒலாமி உடனே கல்லைத் திருப்பி, அதன் முகத்தைத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள்.

"அவ பார்க்கட்டுமே" என்றேன். "அவளுக்காக விழுந்த அடிதானே?"

"வேண்டாம் அண்ணே. இந்த ஊர்ல இருந்து கெட்ட பழக்கம் எதையாவது கத்துக்கிட்டுடப் போறா."

சிரிப்போடு திரும்பி, இதை ரிமாச்சியிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் அதற்குள் முதுகுச் சுமையைக்கூட அவிழ்க்காமல், வெறுங்காலோடு, செருப்பை மறந்துவிட்டு, சதுக்கத்தின் மறுமுனையில் நடந்துகொண்டிருந்தார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, இன்னிக்காவது கொஞ்சம் உக்காருங்களேன்!"

"நீ உக்காரு" என்றார் திரும்பாமல். "எனக்கு உக்கார இன்னும் காலம் இருக்கு."